ஏ வைட்டமினும் கருவின் வளர்ச்சியும்

பயிர்மருந்து டப்பாக்களின் மேல் ஒரு சாய்சதுரக் குறி அச்சிடப்பட்டிருப்பதை நம் சங்க அங்கத்தினர்கள் அறிவர். அக்குறியின் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நான்கு வண்ணங்களுள் ஒன்று தீட்டப்பட்டிருக்கும். 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி அமைந்த ஏற்பாடு இது. மருந்தைச் சோதனைப் பிராணிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் அவற்றுள் பாதி மடிவதற்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு எத்தனை மில்லிகிராம் தேவைப்படுகிறது என்று கணக்கிட்டு, 50 வரை சிவப்பு, 500 வரை மஞ்சள், 5,000 வரை நீலம், அதற்கு மேற்பட்டது பச்சை என்று வகுத்திருக்கின்றனர். தோல்வழியாகச் செல்லும் நச்சுக்கும் இதனையொத்த கணக்கு உண்டு.

இந்த வண்ணம் ஒரு கேள்விக்குத்தான் விடை கூறுகிறது. மருந்தை உட்கொண்டவர் உடனடியாக உயிரிழக்கும் அபாயம் எவ்வளவு என்பதே அக்கேள்வி. மருந்து கலக்கத் தண்ணீர் மொண்டு கொடுக்கும் பெண்ணின் வயிற்றில் மூன்று வாரக் கரு ஒன்று இருக்குமாயின் அதற்கு என்ன நேரும் என்பதற்கு வண்ணத்தில் விடை இல்லை. பெரியவர்களை ஒன்றும் செய்யாத அளவு கருவின் உருவத்தையே மாற்றிவிடக்கூடும் என்பதை விஞ்ஞானிகள் பல ஆண்டு ஆராய்ச்சியால் கண்டறிந்துள்ளனர். அவ்வாறு மாற்றும் வழிகளுள் நன்கு ஆராயப்பட்ட ஒன்று ஏ வைட்டமினைப் பற்றியது. அதனை இங்கு சற்று விரிவாகக் காண்போம்.

ஏ வைட்டமின் என்றதும் மாலைக்கண் நோயும், முருங்கைக்கீரையும், மீனெண்ணெயும் நினைவுக்கு வருவது இயல்பு. கண்பார்வைக்கு அது இன்றியமையாதது என்பது பழைய செய்தி. பார்க்கும் கண்ணுக்கு மட்டுமன்றி, கண் என்னும் உறுப்பு முதன்முதலில் உருவாவதற்கே அது வேண்டும் என்று காட்டியவர் அமெரிக்க நாட்டின் டெக்ஸாஸ் விவசாயப் பரிசோதனை நிலையத்தைச் சேர்ந்த பிரெட் ஹேல் என்பவர். அவர் பன்றிகளின் தீவனத்தை ஆராய்ந்து வந்தார். ஏ வைட்டமின் இல்லாத தீவனத்தில் வளர்த்த ஒரு பெண்பன்றி 11 குட்டிகளை ஈன்றது. பதினொன்றுக்கும் கண்விழிகளே இல்லை. 1933இல் இதனை அவர் வெளியிட்டார்.

பிறவிக் குறை என்றாலே வம்சாவளியில் வந்த குறை என்று கருதிய காலம் அது. ஹேல் அந்த ஐயத்தையும் தீர்த்து வைத்தார். கண்ணற்ற அப்பன்றிகளையே வளர்த்து இணைசேர்த்து, இம்முறை வைட்டமின் குறையாத தீவனம் கொடுத்தார். பிறந்த குட்டிகளுக்குக் கண்கள் செவ்வனே அமைந்திருந்தன. எனவே குறை வம்சத்தில் இல்லை, சினைப்பட்ட காலத்துத் தீவனத்தில் இருந்தது என்பது தெளிவாயிற்று. கன்று குருடாகப் பிறந்தால் காளையைக் குறை கூறும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. ஹேலின் பன்றிகளை அறிந்தவர் அவ்வளவு விரைந்து தீர்ப்புக் கூறார். பின்னர் 1940களில் சின்சினாட்டி நகரில் ஜோசப் வார்க்கனியும் அவருடன் உழைத்தவர்களும் எலிகளில் இதே ஆராய்ச்சியைத் தொடர்ந்து, ஏ வைட்டமின் குறைவால் கண் மட்டுமன்றி இருதயம், சிறுநீர் உறுப்புகள், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை ஆகியனவும் பழுதுபடுவதைக் கண்டனர்.

அதன்பின் நேர்மாறான செய்தி ஒன்று வந்தது. 1953இல் சிட்னி கோலன் என்னும் மருத்துவர், சினை எலிகளுக்கு ஏ வைட்டமினை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தபோதும் குட்டிகள் உருவக்கேட்டுடன் பிறந்தன என்று அறிவித்தார். குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு என்றால், இடையில் நடப்பது என்ன?

மடையும் வடிகாலும்

நாம் உண்ணும் கீரையிலும் மஞ்சள் நிறக் காய்கனிகளிலும் இருப்பது கரோட்டின் என்னும் சத்து. உடல் தன் தேவைக்கேற்ப அதனை ஏ வைட்டமினாக மாற்றி, கல்லீரலில் சேமித்து வைக்கிறது. நெற்குதிரிலிருந்து வேளைக்கு வேண்டியதை அளந்தெடுப்பது போல, கல்லீரல் அதனைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடும். கருவின் உயிரணுக்கள் அந்த வைட்டமினைப் பெற்று இரண்டு படிகளில் வேறொரு பொருளாக மாற்றுகின்றன. முதற்படியில் ரெட்டினால்டிஹைடு, இரண்டாம் படியில் ரெட்டினாயிக் அமிலம். உருவத்தைச் சமைப்பது இந்த அமிலமே. உயிரணுவின் உட்கருவில் இதற்கென்றே ஏற்பிகள் உள்ளன. பிரான்சில் பியேர் ஷாம்போன் குழுவினரும், அமெரிக்காவில் ரொனால்டு எவன்ஸ் குழுவினரும் 1987இல் தனித்தனியே இவற்றைக் கண்டனர். அமிலம் ஏற்பியில் வந்து பொருந்தியதும் சில ஜீன்கள் விழித்தெழும், சில அடங்கும். அதனால் ஓர் உயிரணு முதுகெலும்பாகவோ, இருதயச் சுவராகவோ, கைமொட்டாகவோ ஆகத் தொடங்கும்.

இங்கே அளவும் இடமும் முக்கியம். பாசன வாய்க்காலை நினைத்துப் பார்க்க வேண்டும். மடைக்கு அருகிலுள்ள வயலுக்குத் தண்ணீர் நிறைய வரும். தள்ளிப் போகப் போகக் குறையும். கடைமடையில் ஈரம் மட்டும் இருக்கும். தண்ணீரின் அளவைக் கொண்டே தன் வயல் எங்கே இருக்கிறது என்று கண் தெரியாத ஒருவனும் கூறிவிடலாம். கருவின் உயிரணுவும் அவ்வாறே தன்னைச் சூழ்ந்துள்ள அமிலத்தின் அளவைக் கொண்டு தான் இருக்கும் இடத்தை அறிகிறது. கருவின் நடுவுடலில் ஒரு நொதி இருந்து அமிலத்தை உண்டாக்குகிறது, அது மடை. தலைப்புறத்திலும் வால்புறத்திலும் மற்றொரு வகை நொதி இருந்து வரும் அமிலத்தைச் சிதைத்துவிடுகிறது, அது வடிகால். இரண்டும் சரியாக இயங்கினால்தான் நடுவில் மிகுதியும் ஓரங்களில் குறைவும் என்ற ஒழுங்கு நிற்கும்.

இதனை உவமைக்காக மட்டும் கூறவில்லை. 1999இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மடை நொதியே இல்லாத சுண்டெலிக் கருக்களை உண்டாக்கிப் பார்த்தனர். அக்கருக்களில் கை கால் மொட்டுகள் அரும்பவில்லை. இருதயம் அறைகளாகப் பிரியாமல் ஒரே பையாகப் புடைத்து நின்றது. பாதிக் காலத்திலேயே அவை மடிந்தன. வடிகால் நொதிகளுள் ஒன்று இல்லாத கருக்களிலோ அமிலம் தேங்கி, வாற்புறம் வளராது போயிற்று; முதுகெலும்புக் கணுக்கள் இடம் மாறின. மிக வியப்பானது அதன் பிறகு நடந்தது. வடிகால் இல்லாத அக்கருக்களில், மடை நொதிக்குரிய இரண்டு ஜீன்களில் ஒன்றையும் நீக்கி 2002இல் பார்த்தபோது, பல கருக்கள் தேறிப் பிழைத்தன. வடிகால் அடைபட்ட வயலில் மடையைப் பாதி இறக்கிப் பயிரைக் காப்பாற்றும் விவசாயியின் செய்கைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

மடையை அடைத்த களைக்கொல்லி

நைட்ரோஃபென் என்பது 1960களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த களைக்கொல்லி. காய்கறித் தோட்டங்களிலும், ஆசிய நாடுகளின் நெல்வயல்களிலும், களை முளைவிடும் தருணத்தில் தெளிக்கப்பட்டது. பிராணிகளை உடனடியாகக் கொல்லும் தன்மை அதற்குக் குறைவு. ஆகவே அஞ்சத்தக்க மருந்தென்று அதனை எவரும் எண்ணவில்லை.

1970களில் சினை எலிகளுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தவர்கள் திடுக்கிட்டனர். தாய் எலிகள் நன்றாகத் தின்றன, நோய்க்குறி எதுவும் காட்டவில்லை. குட்டிகளும் முழு மாதத்தில் பிறந்தன. ஆயினும் பிறந்த சிறிது நேரத்தில் பல குட்டிகள் மூச்சுத் திணறி நீலம் பாய்ந்து மடிந்தன. அறுத்துப் பார்த்தபோது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவேயுள்ள தசைத்திரையில், அதாவது உதரவிதானத்தில், துளை காணப்பட்டது. அத்துளை வழியே ஈரலும் குடலும் மார்புக்குள் ஏறியிருந்தன. நுரையீரல்கள் சிறுத்துக் கிடந்தன. இருதயத்திலும் பழுது இருந்தது. மருந்தை வாயில் புகட்டாமல் தாயின் தோலில் தடவிய சோதனைகளிலும் குட்டிகள் கேடுற்றன. முதுகில் விசைத்தெளிப்பானைச் சுமந்து நனைபவர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

எலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 22 நாள். அதில் ஒன்பதாம் நாளையொட்டி ஒரே ஒரு வேளை கொடுத்தாலே போதும், குட்டிகளுள் பெரும்பகுதிக்கு இக்கேடு வந்துவிடுகிறது. அந்நாளில் உதரவிதானம் என்று ஒன்று இன்னும் தோன்றவே இல்லை. அதற்கு அடித்தளமாகும் உயிரணுக்கள் மட்டுமே உள்ளன. பாவு ஓட்டும்போது நேர்ந்த பிழை, சேலை பாதி நெய்த பிறகே கண்ணில் படும் என்பதை நெசவாளர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பது பல ஆண்டுகள் விளங்காமலே இருந்தது. பழைய ஓர் ஆராய்ச்சி துப்புக் கொடுத்தது. 1940களில் நியூயார்க்கில் டாரதி ஆண்டர்சன் என்னும் பெண் மருத்துவர், ஏ வைட்டமின் குறைந்த தாய் எலிகளின் குட்டிகளுக்கு இதே போன்ற விதானத்துளை உண்டாவதைக் கண்டிருந்தார். பிறகு 1999இல் பாரிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் நைட்ரோஃபென் உண்ட எலிகளுக்கே ஏ வைட்டமினும் கொடுத்தனர். துளை விழுந்த குட்டிகளின் தொகையும், துளையின் கடுமையும் குறைந்தன. 2003இல் கனடாவின் ஆல்பர்ட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களும் ஜெர்மானியக் கூட்டாளிகளும் முடிச்சை அவிழ்த்தனர். நைட்ரோஃபென்னும், எலிகளில் அதே துளையை உண்டாக்கும் வேறு சில ரசாயனங்களும், ஒன்றுக்கொன்று உருவ ஒற்றுமை அதிகமில்லாதவை. ஆனால் அவை யாவும் மேற்கூறிய மடை நொதியைத் தடுத்து நிறுத்துகின்றன.

அந்த ரசாயனங்களுள் பிஸ்டயமின் என்ற ஒன்றுக்கு விசித்திரமான கதை உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக அதனை அமெரிக்காவில் சோதித்தார்கள். விந்து உற்பத்தி நின்றது. மருந்தை நிறுத்தியதும் திரும்பியது. ஆனால் அதனை உண்டவர் மது அருந்தினால் கடுமையாக நோயுற்றார். ஆதலின் கைவிட்டனர். ஏ வைட்டமினை அமிலமாக்கும் நொதிகளும், மதுவைச் செரிக்கும் நொதிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதே இதன் காரணம். கர்ப்பிணி மது அருந்தினால் சிசுவின் முகமும் மூளையும் பாதிக்கப்படுவதை 1973இல் சியாட்டில் நகர மருத்துவர்கள் ஒரு தனி நோயாக வரையறுத்தார்கள். மதுவின் சிதைவுப்பொருள் அந்நொதியைத் தனக்கென்று பறித்துக்கொள்வது அதற்குரிய வழிகளுள் ஒன்றென்று இப்போது பலர் கருதுகின்றனர்.

மனிதக் குழந்தைகளிலும் ஏறத்தாழ 3,000 பிறப்புக்கு ஒன்று விதானத்துளையுடன் பிறக்கிறது. அத்தகைய குழந்தைகளின் இரத்தத்தில் பிறந்தவுடன் ஏ வைட்டமின் குறைந்திருந்ததை நெதர்லாந்தில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தாய்மார்களின் இரத்தத்தில் அக்குறைவு இல்லை. இதனால் அக்குழந்தைகளின் நோய்க்கு நைட்ரோஃபென்தான் காரணம் என்று கொள்ளலாகாது. எலியிற் கண்டதனைத்தையும் மனிதருக்கு அப்படியே ஏற்றிக் கூறும் வழக்கம் விஞ்ஞானத்தில் இல்லை. எலிகளை அதிகம் பாதிக்காத தாலிடோமைடு, மனிதக் கருவின் கைகால்களைச் சிதைத்ததும் உண்டு. ஆகவே எலிக்கு வந்தது நமக்கு வராது என்று அலட்சியமாக இருப்பதற்கும் இடமில்லை.

நைட்ரோஃபென் 1980இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து நீங்கியது. ஐரோப்பியச் சமூக நாடுகள் 1988இல் தடுத்தன. நம் நாட்டிலும் அது தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலில் உள்ளது. ஆனால் தடை விதித்ததும் ரசாயனம் மறைந்துவிடுவதில்லை. கிழக்கு ஜெர்மனியில் 1990 வரை அது புழக்கத்தில் இருந்தது. அங்கே மால்ஹின் என்னும் ஊரில், முன்பு பயிர்மருந்துகள் வைத்திருந்த பழைய கிடங்கு ஒன்றில், பின்னாளில் இயற்கை விவசாயத்தில் விளைந்த கோதுமையைச் சேமித்தனர். தரையிலும் தூசியிலும் எஞ்சியிருந்த நைட்ரோஃபென் தானியத்தில் ஏறி, தீவனத்துக்குச் சென்று, கோழிமுட்டையிலும் வான்கோழி இறைச்சியிலும் 2002ஆம் ஆண்டு மே மாதம் வெளிப்பட்டது. மருந்தே தொடாத விவசாயிகளின் சரக்கு நாடெங்கும் கடைகளிலிருந்து திரும்ப வந்தது. அத்தீவனத்தைத் தயாரித்தது ஒரு கூட்டுறவு ஆலை என்பது நமக்குக் கூடுதலான வருத்தம். பிரடெரிக் நிக்கல்சன் 1890களில் சென்னை ராஜதானிக்கு முன்மாதிரியாகச் சுட்டிக்காட்டிய ரைஃபைசன் சங்கங்களின் நாடு அது. கணக்குப் புத்தகத்தில் அவர்கள் காட்டிய கண்டிப்பு, அன்று கிடங்கின் தரையைப் பார்ப்பதில் இல்லாமற்போயிற்று.

வடிகாலை அடைப்பன

இனி நம் கிடங்குகளிலேயே உள்ள மருந்துகளுக்கு வருவோம். நெல்லின் இலையுறைக் கருகல், நிலக்கடலையின் இலைப்புள்ளி, வாழையின் இலைப்புள்ளி, கோதுமையின் துரு ஆகியவற்றுக்கு டிரையசோல் வகைப் பூசணக்கொல்லிகள் பரவலாகப் பயன்படுகின்றன. பூசணத்தின் உடலில் ஒரு நொதியைத் தடுத்து, அதன் உறை வளராதவாறு செய்வது இவற்றின் வேலை. அந்த நொதியும், கருவில் அமிலத்தைச் சிதைக்கும் வடிகால் நொதியும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரு பூட்டுக்குச் செய்த சாவி பக்கத்துப் பூட்டிலும் சற்றே நுழைந்துவிடுவதைப் போன்றது இது.

இத்தாலியின் மிலான் நகரில் மெனெகோலா என்பாரும் அவர் குழுவினரும் எலிக்கருக்களைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, டிரையடிமெஃபான், ஃபுளூசிலசோல் முதலிய டிரையசோல்களை அவற்றுக்கு ஊட்டிப் பார்த்தனர். தாடை, முகம், கழுத்து ஆகியவற்றுக்கு மூலமான வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ரெட்டினாயிக் அமிலம் மிகுந்தால் உண்டாகும் கேடும் இதையே ஒத்தது. புரொப்பிகோனசோல் கொடுத்த எலிகளின் குட்டிகளில் அண்ணப்பிளவு கண்டதை முன்னிட்டு, ஐரோப்பிய ஒன்றியம் அதனைச் சிசுவுக்குக் கேடு விளைவிக்கக்கூடிய பொருள் என்று வகைப்படுத்தி, 2018இல் அங்கே அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. உடனடி நச்சுக் கணக்கின்படி பார்த்தால் அது நீல வகுப்பில் விழும். டெபுகோனசோல் அதே ஒன்றியத்தில் ஐயத்துக்குரியது என்ற அடுத்த படியில் உள்ளது.

உணவில் மிஞ்சும் எச்சத்தைப் பற்றி மக்கள் பெரிதும் அஞ்சுகின்றனர். முகத்தையும் மண்டையையும் பாதிக்கும் மருந்தெச்சங்களை ஒன்றாகக் கூட்டிக் கணக்கிட்ட ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தன் நாட்டுப் பெண்கள் உணவின் வழியே பெறும் அளவு கவலைக்குரிய எல்லைக்குக் கீழேதான் உள்ளது என்று 2022இல் அறிவித்தது. சோற்றுத் தட்டைக் காட்டிலும் தெளிப்பானுக்கு அருகில் நிற்பவரைப் பற்றியே நாம் முதலில் எண்ண வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. தட்டிலுள்ளது எச்சம், டப்பாவைத் திறப்பவர் கையிற் படுவது முழுச்சரக்கு.

இதே வகுப்பைச் சேர்ந்த மனித மருந்தும் ஒன்று உண்டு. படர்தாமரை முதலிய பூசண நோய்களுக்கு உண்ணும் ஃபுளூகோனசோல் அது. நாளொன்றுக்கு 400 முதல் 800 மில்லிகிராம் வரை நெடுநாள் உண்ட சில கர்ப்பிணிகளின் குழந்தைகளுக்கு மண்டையோடும் முகமும் எலும்புகளும் மாறுபட்டிருந்ததை முன்னிட்டு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2011இல் எச்சரிக்கை விடுத்தது.

களைக்கொல்லிகளுள் கிளைஃபோசேட் பற்றியும் ஒரு வழக்கு நிலுவையில் உள்ளது எனலாம். அது கலந்த மருந்து தவளைக் கருவில் ரெட்டினாயிக் அமிலத்தின் செயலை மிகுவிக்கிறது என்று ஆர்ஜென்டினாவின் ஆந்திரேஸ் கர்ராஸ்கோ 2010இல் எழுதினார். கருவுக்குள் ஊசியால் செலுத்திக் கண்ட முடிவு வயலுக்குப் பொருந்துமா என்று மற்றவர் மறுத்தனர். இரு தரப்பும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

வெளியிலிருந்து பாயும் வெள்ளம்

மடையும் வடிகாலும் செம்மையாக இருந்தும், வெளியிலிருந்து அமிலமே வந்து பாய்ந்தால் என் செய்வது? இதற்கு மனிதரிலேயே மறுக்க முடியாத சான்று இருக்கிறது. ஐசோட்ரெட்டினாயின் என்பது கடுமையான முகப்பருவுக்கு உண்ணும் மருந்து. ரெட்டினாயிக் அமிலத்தின் மறுவடிவமே அது. 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் உண்ணலாகாது என்று முதலிலேயே எச்சரித்திருந்தும், தெரியாமல் உண்டவர் பலர். லாம்மர் என்னும் மருத்துவரும் பிறரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துண்ட 36 கர்ப்பிணிகளை முடிவு தெரியுமுன்பே பதிந்து தொடர்ந்து கவனித்தனர். 8 கர்ப்பங்கள் கலைந்தன. 23 குழந்தைகள் பெருங்குறையின்றிப் பிறந்தன. 5 குழந்தைகளுக்குக் காதுமடல், இருதயம், மூளை முதலியவற்றில் பெருங்குறை இருந்தது. அம்மருந்து நம் ஊர்களிலும் கிடைக்கிறது. கல்யாணத்துக்கு முகம் தெளியவேண்டுமென்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கடையில் வாங்கி உண்ணத்தக்கதன்று. அதனை நிறுத்தி ஒரு மாதம் கழிந்த பிறகே கருத்தரிக்கலாம் என்பர். தோலின் செதில்நோய்க்குக் கொடுக்கும் அசிட்ரெடின் என்னும் மருந்தானால் மூன்று ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

ஏ வைட்டமின் மாத்திரைக்கும் எல்லை உண்டு. மாலைக்கண் மிகுந்த வட்டாரங்களில் கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 10,000 அலகு, அல்லது வாரம் ஒருமுறை 25,000 அலகு என்பதற்கு மேற்படலாகாது என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நம் நாட்டில் 1970 முதல் சிறு குழந்தைகளுக்குக் கொடுத்துவரும் சொட்டுமருந்தின் ஒரு வேளை அளவு 1 லட்சம் அல்லது 2 லட்சம் அலகு. குழந்தைக்கு நல்லது தாய்க்கும் நல்லதென்று மீதியைக் கர்ப்பிணி அருந்துதல் கூடாது. விலங்குகளின் ஈரலிலும் இச்சத்து மிகுந்திருப்பதால், கர்ப்பிணிகள் ஈரலை விலக்குமாறு இங்கிலாந்து அரசு 1990இல் அறிவுறுத்தியது. முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி, மஞ்சள் பூசணி, மாம்பழம் இவற்றுக்கு இந்த அச்சம் வேண்டியதில்லை. அவற்றிலுள்ள கரோட்டினை உடல் வேண்டிய மட்டுமே மாற்றிக்கொள்ளும். சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் உடலில் நன்கு ஒட்டும்.

நெசவாளர் அங்கத்தினர்கள் இதுவரை படித்துவிட்டு, இது உழவருக்குரிய செய்தி என்று எண்ணலாகாது. பாவுக் கஞ்சியில் பூசணம் பிடிக்காதிருக்கப் பென்டாகுளோரோஃபீனால் என்னும் மருந்தைச் சேர்ப்பது ஒரு காலத்தில் ஆலைகளில் வழக்கமாக இருந்தது. அந்த மருந்தில் டயாக்ஸின் எனப்படும் நஞ்சுகள் அழுக்காகக் கலந்திருந்தன. டயாக்ஸின்கள் மடையையோ வடிகாலையோ நேரே தொடாமல், குதிரையே காலி செய்பவை. அவை புகுந்த எலியின் கல்லீரலில் ஏ வைட்டமின் இருப்புக் கரைந்துவிடுகிறது. மாசுபட்ட கடல்மீனை உண்ட கடல்நாய்களின் இரத்தத்திலும் அவ்வைட்டமின் குறைந்ததை 1980களில் நெதர்லாந்தில் கண்டனர். அங்கே டயாக்ஸினுக்கு நெருங்கிய உறவான வேறு குளோரின் சேர்மங்கள் குற்றவாளிகள். ஜெர்மனி 1989இல் பென்டாகுளோரோஃபீனாலைத் தடைசெய்து, துணியில் அதன் எச்சத்தையும் சோதிக்கத் தொடங்கியபோது, நம் நாட்டு ஏற்றுமதியாளர் பலர் முதன்முறையாக அதன் பெயரைக் கேள்வியுற்றனர். நம் நாட்டிலும் அது இப்போது தடைப்பட்டியலில் இருக்கிறது. பெயர் எழுதாத டப்பாவில் கஞ்சிமருந்து என்று எவரேனும் விற்றால் வாங்காதிருப்பது நன்று.

மனிதக் கருவின் காலக்கணக்கை இங்கே கூறவேண்டும். கருத்தரித்த 22ஆம் நாள் அளவில் இருதயம் துடிக்கத் தொடங்குகிறது. 28 நாளுக்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஆதாரமான குழாய் மூடிக்கொள்கிறது. எட்டு வாரத்துக்குள் எல்லா உறுப்புகளுக்கும் அடித்தளம் அமைந்துவிடுகிறது. மாதவிலக்குத் தள்ளிப்போவதோ கருத்தரித்து இரண்டு வாரம் கழிந்தே தெரியும். பலர் இன்னும் இரண்டொரு வாரம் கழித்தே ஐயுறுவர். கர்ப்பம் என்று அறிந்தபின் மருந்து வேலையிலிருந்து விலகுவது, வெள்ளம் வடிந்தபின் கரை கட்டுவதாகவே பல சமயம் முடியும். ஆகையால் கலப்பது, தெளிப்பது, டப்பா கழுவுவது ஆகிய வேலைகளைப் பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களுக்குக் கொடுக்காதிருப்பதே சரி. தெளித்த வயலில் களையெடுக்க இறங்குமுன், எத்தனை நாள் கழியவேண்டுமென்று சிட்டையில் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். தெளித்தவர் உடுத்திய வேட்டி சட்டையை வீட்டுத் துணிகளோடு ஊறவைத்துப் பெண்கள் வெறுங்கையால் துவைப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். தோல்வழிச் சோதனையை நினைவிற்கொண்டு, அதனைத் தனியே அலசித் தெளித்தவரே துவைப்பது தகும்.

சங்கக் கிடங்குகளில் விதை, தீவனம், அரிசி மூட்டைகள் மருந்து அறையில் இடம் பெறலாகாது. முன்பு மருந்து வைத்திருந்த அறையைப் பிற்பாடு தானியத்துக்கு ஒதுக்குவதும் கூடாது. டிரையசோல் வகைகளை அடையாளம் காண்பது கடினமன்று. வணிகப் பெயர் எதுவாயினும், சிட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயர் பெரும்பாலும் 'கோனசோல்' என்று முடியும்: ஹெக்ஸகோனசோல், புரொப்பிகோனசோல், டெபுகோனசோல், டைஃபெனகோனசோல். டிரையடிமெஃபான் போன்ற சில பெயர்கள் இவ்விதிக்கு அடங்கா. படிக்க இயலாதவர்கள் விற்பனைக் குமாஸ்தாவிடம் மூலப்பெயரைக் கேட்டறிந்து, அதனை ரசீதின் பின்புறம் எழுதித் தரச்சொல்லலாம்.